பத்தே காலுக்குப் பேனா எடுக்கணும்... உங்கள் பிள்ளையின் உடம்பும் மனசும் ரெடியா?

மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவும் பொதுத் தேர்வும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி. பெரும்பாலான வருடங்களில் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டுதான் வரும். கீழே மாட வீதியில் அறுபத்துமூவர் ஊர்வலம், நீர்மோர்ப் பந்தல், மேளச் சத்தம். மேலே மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு கரிம வேதியியல். "வருஷா வருஷம் போறதுதானே, இந்த ஒரு வருஷம் சாமி கோச்சுக்க மாட்டார்" என்று குடும்பமே தன்னை வீட்டுக்குள் பூட்டிக்கொள்ளும். கல்யாண வீடுகளுக்கு அப்பா மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு வருவார். பாட்டியின் சீரியல்கூட மியூட்டில்தான் ஓடும்.

தி.நகர், அடையாறு பக்கமும் இதே கதைதான். அடையாறில் கூடுதலாக ஒரு சுமை உண்டு. ப்ளஸ் டூ முடிந்த கையோடு ஜே.இ.இ., மே மாதம் நீட் என்று ஒரே பிள்ளை மூன்று தேர்வுகளைத் தோளில் சுமந்துகொண்டு கோச்சிங் சென்டருக்கும் பள்ளிக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்கும்.

வீட்டில் இத்தனை ஏற்பாடு நடக்கிறது. ஆனால், அந்தப் பிள்ளை சரியாகத் தூங்குகிறதா, மூன்று மணி நேரம் விடாமல் எழுத அதன் கை பழகியிருக்கிறதா, பயம் வந்தால் யாரிடம் சொல்லும் என்ற கேள்விகள் மட்டும் கேட்கப்படாமல் கிடக்கின்றன. சிலபஸ் முடிந்ததா என்று கேட்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை மற்ற கேள்விகளுக்காக.

10 மணிக்கு விழித்திருக்க வேண்டிய மூளை

தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டப் பொதுத் தேர்வின் நேரக் கணக்கை முதலில் பாருங்கள். காலை 10 மணிக்கு வினாத்தாள். முதல் 10 நிமிடம் அதைப் படித்துப் பார்க்க. அடுத்த 5 நிமிடம் விடைத்தாளின் முகப்பில் உள்ள விவரங்களைச் சரிபார்க்க. 10:15-க்கு எழுதத் தொடங்கினால் மதியம் 1:15 வரை. சி.பி.எஸ்.இ. பிள்ளைகளுக்கு 10:15-க்கு வினாத்தாள், 10:30-க்கு எழுத்து.

ஆக, தேர்வுக்குத் தேவைப்படுவது காலை 10-லிருந்து மதியம் 1 வரை கூர்மையாக வேலை செய்யும் மூளை. ஸ்டடி லீவில் நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? ராத்திரி 2 மணி வரை படித்துவிட்டு காலை 10 மணிக்குத்தான் எழுந்திருக்கிறார்கள். மூன்று வாரம் இப்படிப் பழகிய உடம்பை, தேர்வன்று மட்டும் 6 மணிக்கு எழுப்பி, 10 மணிக்கு ஹாலில் உட்கார வைத்தால் அது பாதித் தூக்கத்தில்தான் இருக்கும்.

எனவே குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பிருந்தே, வாரத்தில் இரண்டு நாள், 10 மணிக்குப் பழைய வினாத்தாளை மேசையில் வைத்து, 10:15-க்கு எழுதத் தொடங்கி 1:15-க்கு நிறுத்தச் சொல்லுங்கள். நடுவில் எழுந்திருக்கக் கூடாது, மொபைல் கூடாது, "கண்ணா, ஜூஸ் வேணுமா?" என்று அம்மா எட்டிப்பார்க்கவும் கூடாது. இதில் இன்னொரு லாபமும் இருக்கிறது. விரல் நுனியில் டைப் செய்தே வளர்ந்த தலைமுறை இது. மூன்று மணி நேரம் தொடர்ந்து பேனா பிடித்தால் கட்டை விரலும் மணிக்கட்டும் வலிக்கும். அந்த வலி முதல் தடவை வருவது வீட்டில் இருக்கட்டும், தேர்வு ஹாலில் வேண்டாம். தேர்வுக்கு எடுத்துப்போகும் அதே பிராண்ட் பேனாவிலேயே வீட்டிலும் எழுதிப் பழகட்டும். தேர்வுக்கு முதல் நாள் புதுப் பேனா வாங்கி சாமி படத்தின் முன் வைப்பதில் தவறில்லை. அதை நாலு பக்கம் எழுதிப் பார்த்துவிட்டு வைக்கலாம்.

விடியக்காலை 4 மணி என்ற நம்பிக்கை

"4 மணிக்கு எழுந்து படிச்சாதான் மண்டையில ஏறும்." இதைச் சொல்லாத தாத்தா சென்னையில் இருக்க மாட்டார். அவர் பிள்ளையாக இருந்த காலத்தில் ஒன்பது மணிக்கு ஊரே அடங்கிவிட்டது, அவரும் அப்போதே படுத்துவிட்டார். 4 மணிக்கு எழுந்தாலும் ஏழு மணி நேரம் தூங்கியிருப்பார். அவர் பேரன் 12 மணிக்குப் படுத்து 4 மணிக்கு எழுந்தால் வெறும் நாலு மணி நேரம்.

13 முதல் 18 வயதுள்ளவர்களுக்குத் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது தூக்க மருத்துவ நிபுணர்களின் பரிந்துரை. இந்த வயதில் தூக்கத்தை வரவழைக்கும் மெலடோனின் சுரப்பதே தாமதமாகத்தான் தொடங்குகிறது. அதனால்தான் பத்தாவது படிக்கும் பையன் ராத்திரி 11 மணிக்குத் துறுதுறுவென்று இருக்கிறான், காலையில் எழுப்பினால் எரிந்து விழுகிறான். அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டிப் பயனில்லை.

தூங்கும்போது மூளை சும்மா இருப்பதில்லை. பகலில் படித்ததை ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி தற்காலிகமாகத்தான் பிடித்து வைத்திருக்கிறது. அதை நிலையான நினைவாக மாற்றும் வேலையின் பெரும்பகுதி தூக்கத்தில்தான் நடக்கிறது. தூக்கத்தை வெட்டிப் படிப்பவர், எழுதிய ஃபைலை சேவ் செய்யாமல் கம்ப்யூட்டரை அணைப்பவர் மாதிரி. விடியற்காலைப் படிப்புதான் ஒத்துவருகிறது என்றால் தாராளமாகப் படிக்கட்டும். ராத்திரி 9 மணிக்கு விளக்கை அணைக்க வீடு முழுக்க ஒத்துழைக்க வேண்டும், அவ்வளவுதான். கூடத்தில் ஐ.பி.எல். ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே எந்தப் பிள்ளை தூங்கும்?

மயிலாப்பூர் ஆட்களிடம் காபியைப் பற்றிக் குறை சொல்லி உயிரோடு திரும்ப முடியாது என்று தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். காபியில் உள்ள கஃபீனில் பாதி உடம்பிலிருந்து வெளியேறவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ராத்திரி 9 மணிக்கு, "தூக்கம் வராம இருக்கட்டும்" என்று ஸ்ட்ராங்காகக் கொடுக்கும் டிகிரி காபி, 2 மணிக்குப் பிள்ளை படுத்தாலும் அதைத் தூங்க விடாது. காலை டம்ளரோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

மஞ்சள் ஹைலைட்டரும் ஒப்பித்தலும்

பல பிள்ளைகள் படிக்கும் விதம் எப்படியென்றால், பாடத்தைத் திறந்து, ஹைலைட்டரால் கோடு போட்டு, திரும்பத் திரும்ப வாசிப்பது. மூன்றாவது தடவை வாசிக்கும்போது எல்லாமே தெரிந்த மாதிரி இருக்கும். அது வெறும் பழக்கம். கண்ணுக்குப் பரிச்சயமாகிவிட்டது என்பதற்காக, பேனாவுக்கு வந்துவிடும் என்று அர்த்தமில்லை.

2006-ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு குழு மாணவர்கள் ஒரு பகுதியை இரண்டு முறை வாசித்தார்கள். இன்னொரு குழு ஒரு முறை வாசித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு முறை வாசித்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். பார்க்காமல் எழுதிய குழுவுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்ப வாசித்த குழுவுக்கு 42 சதவீதம்தான்.

நம் ஊர் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் 'ஒப்பி' என்று சொன்னார்களே, அதற்குள்ளும் இந்த விஷயம்தான் இருந்தது. அர்த்தம் புரியாமல் ஒப்பிப்பது வேறு கதை. புரிந்துகொண்டு, புத்தகத்தை மூடி, ஒரு வெள்ளைத் தாளில் எழுதிப் பார்ப்பதுதான் இங்கே சொல்வது. விட்டுப்போனதைப் புத்தகத்தில் பார்த்துச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். நாளைக்கு அந்தச் சிவப்பை மட்டும் படித்தால் போதும்.

இன்னொருவருக்குச் சொல்லிக்கொடுப்பதும் அதே வேலையைச் செய்யும். இதற்குச் சென்னையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 1789-ல் எழும்பூர் ராணுவ அனாதை இல்லத்தின் பொறுப்பில் இருந்த ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நம் ஊர்ப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதி, ஒருவருக்கு ஒருவர் கற்றுக்கொடுப்பதைப் பார்த்தார். அதையே தன் பள்ளியில் புகுத்தினார். லண்டன் திரும்பி 1797-ல் அதைப் பற்றிப் புத்தகம் எழுத, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் அது இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் இன்றைக்கும் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரம் போன சரக்கு, நம் வீட்டுக் கூடத்துக்கு வரக் கூடாதா? தங்கைக்கோ பாட்டிக்கோ மின்மாற்றி எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக்காட்டச் சொல்லுங்கள். பாட்டிக்குப் புரிந்துவிட்டால் அந்த ஐந்து மார்க் கைக்கு வந்த மாதிரி.

தனி ரூம் இல்லாத வீடுகள்

'அமைதியான தனி அறையில் படிக்க வேண்டும்' என்று எழுதும் கட்டுரைகளைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும். பட்டினப்பாக்கம் குடியிருப்பிலும் மேற்கு மாம்பலம் ஒண்டுக்குடித்தனத்திலும் தனி அறைக்கு எங்கே போவது? ஒரே ஹாலில் அடுப்பு, டிவி, தொட்டில், புத்தகம் எல்லாம் இருக்கும் வீடுகள் இந்தப் பகுதிகளில் நிறைய.

கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகம் அடையாறுக்கும் மயிலாப்பூருக்கும் பக்கம். அங்கே நம் சொந்தப் புத்தகங்களைக் கொண்டுபோய் உட்கார்ந்து படிக்கத் தனிப் பிரிவே உண்டு. போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் காலையிலேயே வந்து இடம் பிடித்திருப்பார்கள். அவர்களுக்கு நடுவில் உட்கார்ந்தால் பிள்ளைக்குத் தானாகவே படிப்பு வரும். லஸ் நாகேஸ்வர ராவ் பூங்கா, பனகல் பூங்கா, நடேசன் பூங்கா என்று நிழலுக்கும் இந்தப் பக்கம் பஞ்சமில்லை. (அந்த நாகேஸ்வர ராவ் வேறு யாருமில்லை, 1893-ல் அமிர்தாஞ்சனைத் தொடங்கியவர்தான். தேர்வு சீசனில் சென்னை வீடுகளில் வீசும் வாசனைக்கே அவர்தான் காரணம்.)

எதுவும் முடியாவிட்டால், வீட்டில் ஒரு நேரத்தையாவது அமைதிக்கென்று ஒதுக்குங்கள். சாயங்காலம் 6-லிருந்து 8 வரை டிவி கிடையாது என்றால் அது எல்லாருக்கும்தான். பிள்ளைக்கு மொபைல் தடை போட்டுவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து அப்பா ரீல்ஸ் பார்த்தால் அந்தத் தடை அரை மணி நேரம்கூடத் தாங்காது.

தட்டில் என்ன இருக்கிறது?

தேர்வு நேரத்துக்கென்று ஸ்பெஷல் சத்து மாவு, ஞாபக சக்தி டானிக் என்று விளம்பரங்கள் வரிசை கட்டும். பணத்தை மிச்சம் பிடியுங்கள். மூளைக்குத் தேவையான குளுக்கோஸ் இட்லியிலும் இருக்கிறது. காலையில் இரண்டு மூன்று இட்லி, சாம்பார், கூடவே ஒரு முட்டையோ சுண்டலோ இருந்தால் மதியம் வரை தாங்கும். பயத்தில் வயிறு புரட்டும் பிள்ளைக்கு அதுவும் இறங்காது. அவர்களுக்கு ராகிக் கஞ்சி மோர் விட்டுக் கொடுத்துப் பாருங்கள், ஒரு வாழைப்பழம், கொஞ்சம் வேர்க்கடலை. வெறும் வயிற்றோடு மட்டும் அனுப்ப வேண்டாம். தேர்வு நாட்களில் புது அயிட்டம் எதையும் சோதித்துப் பார்க்காதீர்கள். பாண்டி பஜார் பானிபூரி ஏப்ரல் கடைசி வரை காத்திருக்கும்.

பெண் பிள்ளைகள் விஷயத்தில் இன்னும் கொஞ்சம் கவனம் தேவை. 2019-21-ல் எடுக்கப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. படிக்க உட்கார்ந்ததும் சோர்வு, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது, கவனம் நிற்காமல் போவது... 'படிக்க வணங்கலை' என்று நாம் திட்டும் பல விஷயங்கள் இரும்புச்சத்துக் குறைபாடாக இருக்கலாம். அரசுப் பள்ளிகளில் வாரம் ஒரு முறை தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை நிஜமாகவே விழுங்குகிறதா, பையோரம் ஒதுக்குகிறதா என்று கேளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் அளவு தெரிந்துவிடும். முருங்கைக்கீரை, சுண்டல் சாப்பிடும்போது கூடவே எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று ஏதாவது இருந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அது சேராமல் போகும்.

மாதவிடாய் தேதி தேர்வோடு மோதுகிறதா என்று அம்மாவும் மகளும் முன்கூட்டியே காலண்டர் பார்த்துவிடலாம். தள்ளிப்போடும் மாத்திரையை மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிக் கொடுக்காதீர்கள். அது ஹார்மோன் மாத்திரை, டாக்டர் சொல்லித்தான் எடுக்க வேண்டும். வலி அதிகம் இருக்கும் பெண்ணாக இருந்தால் எந்த வலி மாத்திரை ஒத்துக்கொள்ளும் என்பதையும் டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். தேதி எதுவாக இருந்தாலும் பையில் நாப்கின் இருக்கட்டும்.

தண்ணீரைச் சொல்ல மறக்கக் கூடாது. மார்ச், ஏப்ரல் வெயிலில் ஃபேன் சுற்றியும் சுற்றாததுமாக இருக்கும் ஹாலில் மூன்று மணி நேரம். 'பாத்ரூம் போகணுமே' என்று தண்ணீர் குடிக்காமல் போகும் பெண் பிள்ளைகள் ஏராளம். அந்தத் தலைவலிக்கு அமிர்தாஞ்சன் உதவாது.

மூச்சை விடும் நேரம் கூடட்டும்

வினாத்தாளைப் பார்த்ததும் கை வியர்த்து, நெஞ்சு படபடத்து, படித்ததெல்லாம் மறந்துபோவது பல பிள்ளைகளுக்கு நடக்கும். கொஞ்சம் பதற்றம் நல்லதுதான், அது இல்லாவிட்டால் யாரும் புத்தகத்தையே திறக்க மாட்டார்கள். அளவு தாண்டும்போதுதான் சிக்கல்.

இதற்குக் கையில் இருக்கும் கருவி மூச்சு. மயிலாப்பூர், மந்தைவெளிக்காரர்களுக்கு இது புதிதல்ல. மூச்சையும் அசைவையும் சேர்த்தே யோகா கற்றுக்கொடுத்த டி.கிருஷ்ணமாச்சார்யா தன் கடைசிக் காலம் வரை இந்த ஊரில்தான் இருந்தார். அவர் மகன் தேசிகாச்சார் 1976-ல் நிறுவிய கிருஷ்ணமாச்சார்ய யோக மந்திரம் மந்தைவெளிப் பக்கம் இன்றும் இயங்குகிறது. வகுப்புக்குப் போக நேரமில்லாதவர்களுக்கு ஓர் எளிய பயிற்சி: மனதுக்குள் நாலு எண்ணும் வரை மூச்சை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். விடும் நேரம் நீளும்போது இதயத் துடிப்பு தணிகிறது. ஐந்து நிமிடம், தினமும் படிக்க உட்காரும் முன். அப்படிப் பழகினால்தான் 10 மணிக்கு ஹாலில் அது கை கொடுக்கும். அன்றைக்குப் புதிதாக முயன்றால், எண்ணிக்கை தப்பி இன்னும் பதறும். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் மூச்சை அடக்கும் பயிற்சிகளை டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம்.

இன்னொரு வழியும் உண்டு. 2011-ல் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரமிரெஸ், பெய்லாக் இருவரும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட ஆய்வில், தேர்வுக்குச் சற்று முன் 10 நிமிடம் தங்கள் பயங்களைத் தாளில் கொட்டி எழுதிய மாணவர்கள், குறிப்பாக ரொம்பப் பதறும் சுபாவம் உள்ளவர்கள், எழுதாதவர்களைவிட நன்றாகச் செய்தார்கள். 'ஃபெயில் ஆயிட்டா அப்பா மூஞ்சிய எப்படிப் பார்ப்பேன்' என்று எழுதிவிட்டால் அது தலையை விட்டு இறங்கிவிடுகிறது. எழுதிய தாளைக் கிழித்துப் போடட்டும். நீங்கள் எடுத்துப் படிக்காதீர்கள்.

எழுத்தே எதிரியான பிள்ளைகள்

வாயால் கேட்டால் டக் டக்கென்று பதில் சொல்லும். தாளில் எழுதச் சொன்னால் எழுத்துகள் இடம் மாறும், வரி தாவும். எத்தனை அடித்தாலும் திட்டினாலும் மாறாது. இது டிஸ்லெக்ஸியாவாக இருக்கலாம். தி.நகர் ஜி.என்.செட்டி சாலையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதற்காகவே வேலை செய்கிறது. இப்படிப்பட்ட மாணவர்களுக்குப் பொதுத் தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப் பாட விலக்கு போன்ற சலுகைகளை அரசுத் தேர்வுகள் இயக்ககம் தருகிறது. ஆனால், மருத்துவச் சான்றிதழோடு பள்ளி மூலமாக முன்னதாகவே விண்ணப்பித்திருக்க வேண்டும். மார்ச் மாதம் கண்டுபிடித்தால் அந்த வருடத்துக்கு உதவாது. ஒன்பதாம் வகுப்பிலேயே சந்தேகம் வந்தால் அப்போதே போய்ப் பாருங்கள்.

பள்ளி கேட்டில், மதியம் 1:20

தேர்வு முடிந்து பிள்ளை வெளியே வருகிறது. கேட்டுக்கு வெளியே நிற்கும் அப்பா வினாத்தாளைப் பிடுங்கி, "ஒண்ணாவதுக்கு என்ன போட்ட? அது பி-தானே?" என்று ஆட்டோ ஏறும் முன்பே விசாரணையைத் தொடங்கிவிடுவார். ஆட்டோ மாம்பலம் தாண்டுவதற்குள் நாலு மார்க் போயாச்சு என்று கணக்கு முடிந்து, பிள்ளை அழ ஆரம்பித்திருக்கும். நாளை மறுநாள் அடுத்த தேர்வு.

எழுதியது எழுதியாகிவிட்டது. வினாத்தாளை மடித்துப் பையில் வைத்து, கடைசித் தேர்வு முடியும் வரை திறக்க வேண்டாம் என்று வீட்டில் ஒரு சட்டமே போடலாம். "பசிக்குதா?" என்று கேட்டால் போதும். பெரியப்பா, சித்தி, மேல் வீட்டு மாமி என்று போன் செய்பவர்களுக்கும் நீங்களே பதில் சொல்லி அனுப்பிவிடுங்கள்.

ஆர்.ஏ.புரத்திலிருந்து வந்த ஒரு மாற்றம்

2017 வரை ப்ளஸ் டூ ரிசல்ட் நாளில் மாநில முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பார்கள். மறுநாள் பேப்பரில் லட்டு ஊட்டும் படம் வரும். அந்த ஆண்டுதான் தமிழ்நாடு அரசு ரேங்க் அறிவிப்பதை நிறுத்தியது. 2025-26 கல்வியாண்டு முதல் ப்ளஸ் ஒன் பொதுத் தேர்வும் இல்லை. அழுத்தம் ஒவ்வொன்றாகக் குறைந்துகொண்டுதான் வருகிறது. ட்யூஷன் சென்டர் ஃப்ளெக்ஸ் போர்டுகள் மட்டும் இன்னும் மாறவில்லை.

ஆனால், இவை எல்லாவற்றுக்கும் முன்பே நடந்த ஒரு மாற்றத்தைப் பற்றி இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. ஒரு பாடத்தில் ஃபெயில் ஆனால் முன்பெல்லாம் செப்டம்பர், அக்டோபர் வரை காத்திருந்துதான் மறுபடி எழுத முடியும். அதற்குள் கல்லூரிச் சேர்க்கை முடிந்துவிடும். கூடப் படித்தவர்கள் எல்லாம் காலேஜ் போய்க்கொண்டிருக்க, ஒரு பாடத்துக்காக ஒரு வருடம் வீட்டில். ரிசல்ட் வந்த மறுநாள் பேப்பரில், லட்டு ஊட்டும் படத்துக்குப் பக்கத்துப் பக்கத்திலேயே, தேர்வில் தோற்றதால் உயிரை விட்ட பிள்ளைகளைப் பற்றிய செய்தியும் இருக்கும்.

ஆர்.ஏ.புரம் பார்க் வியூ சாலையில் இருக்கும் 'ஸ்நேகா' தற்கொலைத் தடுப்பு மையத்தை, மனநல மருத்துவர் லக்ஷ்மி விஜயகுமார் 1986-ல் தொடங்கினார். தன்னார்வலர்கள் போனை எடுத்து, அறிவுரை சொல்லாமல், குறுக்கிடாமல் கேட்பதுதான் அங்கே முதல் வேலை. ரிசல்ட் நேரத்தில் வரும் அழைப்புகள் அவர்களுக்கு ஒன்றைக் காட்டின. ஃபெயில் ஆனதைவிட, 'ஒரு வருஷம் போச்சு' என்பதுதான் பிள்ளைகளை உடைக்கிறது. தோற்றவர்கள் உடனே மறுபடி எழுத வழி செய்யுங்கள் என்று ஸ்நேகா தொடர்ந்து அரசிடம் வலியுறுத்தியது. 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு உடனடித் துணைத் தேர்வைக் கொண்டுவந்தது. ரிசல்ட் வந்த சில வாரங்களிலேயே எழுதி, அதே வருடம் கல்லூரியில் சேர முடிந்தது. அதன் பிறகு தமிழ்நாட்டில் தேர்வுத் தோல்வியால் நடக்கும் தற்கொலைகள் குறைந்தன. ஆலோசனை, அட்வைஸ், மோட்டிவேஷன் பேச்சு எல்லாவற்றையும்விட, ஒரு தேர்வுத் தேதியை மாற்றியது அதிக உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இதைத் தேர்வுக்கு முன்பே பிள்ளையிடம் சொல்லிவையுங்கள். "ஃபெயில் ஆனா ஜூன், ஜூலைல எழுதிக்கலாம்" என்று சொன்னால் பிள்ளை மெத்தனமாகிவிடும் என்று பயப்படும் பெற்றோர் உண்டு. மெத்தனமாக இருக்கும் பிள்ளை நீங்கள் சொல்லாவிட்டாலும் அப்படித்தான் இருக்கும். பயந்து கிடக்கும் பிள்ளைக்குத்தான் அந்த ஒரு வாக்கியம் மூச்சு விட இடம் தரும். சி.பி.எஸ்.இ. பத்தாம் வகுப்புக்கும் 2026 முதல் வருடத்துக்கு இரண்டு வாய்ப்புகள் உண்டு.

சாதாரணப் பதற்றம் தேர்வு முடிந்ததும் போய்விடும். ஆனால், இரண்டு வாரமாகச் சரியாகத் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல் இருந்தால், பிடித்த பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்தால், "நான் இல்லன்னா உங்களுக்கு நிம்மதி" என்று விளையாட்டாகச் சொன்னால்கூட, அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இருக்கும் எண்ணத்தைச் சொல்ல ஓர் ஆள் கிடைத்துவிட்டது என்றுதான் ஆகும். அப்படி ஒரு பதில் வந்தால் பிள்ளையைத் தனியாக விடாமல், அன்றைக்கே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

பேச வேண்டும் என்று தோன்றினால், பிள்ளையும் அழைக்கலாம், பெற்றோரும் அழைக்கலாம். ஸ்நேகா: 044-24640050. அரசின் டெலி மனநல சேவை: 14416. மாநில சுகாதாரத் துறை உதவி எண்: 104. பள்ளிக் கல்வித் துறை உதவி எண்: 14417. சிறுவர் உதவி எண்: 1098.

ரிசல்ட் நாள் காலையில் வீட்டில் யாராவது ஒரு பெரியவர் இருக்கும்படி லீவ் எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியில் பதிவு செய்த மொபைல் எண்ணுக்கே மதிப்பெண் வந்துவிடும். அந்த போன் ஆபீஸில் அப்பாவிடம் இருந்து, பிள்ளை தனியாக வீட்டில் இருக்கும் நிலைமை வேண்டாம். மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால் ப்ளஸ் டூ மாணவர்கள் விடைத்தாள் நகல் வாங்கி, மறுகூட்டலுக்கோ மறுமதிப்பீட்டுக்கோ விண்ணப்பிக்கலாம். துணைத் தேர்வுக்கு விண்ணப்பிக்கக் கிடைப்பதும் சில நாட்கள்தான். ரிசல்ட்டோடு சேர்த்தே அந்தத் தேதிகளையும் அறிவிப்பார்கள், குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.